ஜுலாப் ஜாஸ்தி

என் அக்கா ஆரோக்கியமணியைப் புனே கன்டோன்மென்ட்டில் பாதிப் பேருக்குத் தையல் டீச்சராகத் தெரியும். மீதிப் பேருக்குப் பேதி டீச்சராகத் தெரியும். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவள் வீட்டில் எல்லோருக்கும் விளக்கெண்ணெய். சளியா, தலைவலியா, பிள்ளை கணக்கில் ஃபெயிலா, எதற்கும் வயிற்றைக் கழுவு என்பாள். லீவுக்குத் தூத்துக்குடியிலிருந்து போன என்னையே மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தவள். விளையாட்டாக வைத்த அந்தப் பெயர்தான் அவளுக்கு எமனாக வந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம் அவளுக்குக் கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்துத் தாடை வீங்கியது. பல் டாக்டர் கிளின்டாமைசின் கேப்ஸ்யூல் எழுதினார். வீக்கம் வடிந்த கையோடு வயிறு பிடுங்கிக்கொண்டது. தண்ணீராகப் போயிற்று, காய்ச்சல் வேறு. நான் அப்போது அவள் வீட்டில்தான் இருந்தேன். அந்த மாதம் அவள் விளக்கெண்ணெய்யைத் தொடவே இல்லை. கேப்ஸ்யூலையே கஷ்டப்பட்டு விழுங்கியவள் எதைக் குடித்திருப்பாள்?

பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். ஆம்பிளை டாக்டரிடம் இதைச் சொல்ல அக்காவுக்குக் கூச்சம். அவள் புருஷன் மரியஜோசப் அத்தான்தான் பேசினார்.

"ஜுலாப் ஜாஸ்தி ஹோ கயா, ஸாப்."

புனே மராத்தியில் ஜுலாப் என்றால் வயிற்றுப்போக்கு. அத்தான் அதைத் தூக்கித் தன் இந்தியில் போட்டார். டாக்டர் லக்னோ பக்கத்துக்காரர். அவர் இந்தியில் ஜுலாப் என்றால் பேதி மருந்து. இவள் மருந்தை அளவுக்கு மீறிக் குடித்துவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பேதிக்கு எடுக்கும் வழக்கம் உண்டா என்று கேட்டார். மாதாமாதம் உண்டு என்றார் அத்தான், பெருமையாக வேறு. போக்கை நிறுத்த மாத்திரை எழுதினார் டாக்டர். பல்லுக்கான கேப்ஸ்யூலும் தொடரட்டும் என்றார்.

"அக்கா ஒண்ணும் குடிக்கல அத்தான். நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்" என்றேன்.

"நீ சும்மா இரி. ஒங்க அக்காவ எனக்குத் தெரியாதா? நமக்குத் தெரியாம குடிச்சிருப்பா."

அக்கா கட்டிலில் கிடந்து கெஞ்சினாள். "மாதா மேல சத்தியமா நான் எதையும் தொடலங்க. ஒருத்தராவது என்ன நம்புங்களேன்."

அத்தான் சிரித்தார். டாக்டரிடம் அவளே இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

போக்கு நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு வயிறு பானையாக உப்பியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றைத் திறந்தார்கள். அக்கா அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை.

அங்கே கிருமி ஆராயும் டாக்டர் அனந்தராமன், நம் பாஷைக்காரர், எங்களை உட்கார வைத்து விளக்கினார். கேப்ஸ்யூல் சீழ்க் கிருமியோடு குடலில் இருந்த நல்ல கிருமிகளையும் கொன்றுவிட்டது. வேறொரு கிருமி உண்டு. அது கெட்டி ஓடு போட்ட வித்தாக, செத்தது போலக் கிடக்கும். நல்ல கிருமிகள் இருக்கும்வரை அது தலையெடுக்காது. அவை ஒழிந்ததும் பித்தநீர் பட்டு முளைத்து, விஷம் கக்கிக் குடலைப் புண்ணாக்கும். கேப்ஸ்யூலை உடனே நிறுத்தி, போக்கை அடைக்காமல், அந்தக் கிருமிக்கு உரிய மருந்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார். பிழைத்திருக்கலாம்! இதைவிடக் கொடுமையான சொல் தமிழில் உண்டா?

நர்சிங் ஹோமில் அவள் கிடந்த கட்டிலை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு, ஆபரேஷனுக்கு வந்த ரஹ்மத்துன்னிசா என்ற பெண்ணைப் படுக்க வைத்தார்கள். ஸ்பிரிட்டுக்கு அந்த வித்து சாகாது. அவளுக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அவளுக்கும் அதே போக்கு கண்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அனந்தராமன் சொல்லி அனுப்பியிருந்தபடி அந்த மருந்தை நிறுத்தி, சரியான மருந்தைக் கொடுத்தார்கள். அறையை ப்ளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவினார்கள். நர்சுகள் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கை கழுவினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். நன்றாக இருக்கட்டும், அவள் மேல் எனக்கு என்ன கோபம்?

இந்தச் செய்தியைச் சொல்லத்தான் லக்னோ டாக்டர் வீட்டுக்கு வந்தார். உங்கள் மனைவியால் நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம் என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, "ஆனால் பேதி மருந்து அதிகமாகிவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். அத்தான் அதை எனக்குத் தமிழில் சொன்னபோதுதான் எந்தச் சொல் எங்கே புரண்டது என்று எங்களுக்கு விளங்கியது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "வாயத் தொறந்து பேசுங்க அத்தான்! அவ ஒண்ணும் குடிக்கலன்னு இப்பமாவது சொல்லுங்க. எனக்கு இந்தி தெரிஞ்சிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

டாக்டர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் என் பக்கம் திரும்பினார்.

"வேண்டாம்மா. எனக்கு அந்தப் பாஷையில பேசப் பயமா இருக்கு. அவ நம்ம தமிழ்லதான சொன்னா? அதையே நான் நம்பலயே."