உயரே வராத பந்து

ஜெயபாலனுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்த செய்தி உலு திராமில் அவருடைய தாமான் குடியிருப்பு முழுக்கப் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. கேள்விப்பட்டவர்களில் பாதிப் பேர் விரால் மீன் சூப்போடு வந்தார்கள். வெட்டுப்பட்ட சதை கூடுவதற்கு விராலை விட்டால் வேறு மருந்தில்லை என்பதில் இங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் ஒரே கட்சி. முதல் மாதத்தில் மட்டும் பதினோரு பாத்திரம் சேர்ந்தது. பாத்திரத்தை மேசையில் வைப்பார்கள், தோளைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள், பத்திரமாக இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவர் அந்தச் சூப்பை இடது கையால் சூடாக்கிக் குடித்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து நான்கு. பெயிண்ட் தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மனைவி யோகேஸ்வரி இரண்டு வருடமாகக் காஜாங்கில் மகள் வீட்டில் இருந்தார். சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், பேரனைப் பார்க்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கு வந்து பதினைந்து நாள் கூடவே இருந்தார். மகளின் விடுமுறை முடிந்ததும் பஸ் ஏறினார். ஏறும்போது அழுதார்.

கைலி கட்ட இரண்டு கை வேண்டும் என்பது ஜெயபாலனுக்கு அதன் பிறகுதான் உறைத்தது. வலது கை கழுத்துப் பட்டையில் தொங்கிக் கிடக்க, ஒரு முனையைப் பல்லால் கடித்து மறு முனையை இடது கையால் இழுத்துச் செருகுவார். நாலடி நடப்பதற்குள் அது அவிழும். பார்சல் கொண்டு வந்த பெண்மணியிடம் கையெழுத்துப் போடும்போது ஒருமுறை மானம் போகப் பார்த்தது. கடைசியில் துணி காயப்போடும் கிளிப் இரண்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு காலத்தை ஓட்டினார்.

தோள் கெட்டுப்போனதில் அவர் பங்கும் உண்டு. பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், ஆடும்போது ஓங்கி அடித்த ஓர் அடியில் உள்ளே ஏதோ சுரீரென்றது. மருத்துவமனைக்குப் போகாமல் உருட் என்கிற மலாய் மசாஜ் பிடிக்கிறவரிடம் போனார். மூன்று மாதம் எண்ணெய் போட்டு அழுத்திவிட்டார் அவர். அதன் பிறகு எடுத்த ஸ்கேனில்தான் தசைநார் கிழிந்திருப்பது தெரிந்தது. தைத்து முடித்த டாக்டர், குணமானதும் முதலில் என்ன செய்ய ஆசை என்று கேட்டார். வேலைக்குப் போவதைச் சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். மறுபடி பூப்பந்து ஆட வேண்டும் என்றார் ஜெயபாலன்.

காரணம் இருந்தது. வாரம் முழுக்க ஃபோர்க்லிஃப்ட் கூண்டுக்குள் அவர் ஒற்றையாள். வீட்டிலும் ஒற்றையாள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு முதல் பத்து வரை தாமான் மண்டபத்தில்தான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் வாய்க்கு வந்தபடி ஏசவும் மூன்று பேர் இருந்தார்கள். எதிர்ப்பக்கம் குணாளன், கூடப் படித்தவர், சொந்தமாக லாரி வைத்திருப்பவர். அவரோடு சேர்ந்து ஆடுவது முச்சந்தியில் உணவகம் நடத்தும் நவ்சாத். இந்தப் பக்கம் ஜெயபாலனுக்குச் சோடி, தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யுகேந்திரன். நவ்சாத்துக்குக் கையைவிட வாய் நீளம். ஜெயபாலனின் தொப்பைக்குக் குறிவைத்து ஸ்மாஷ் அடித்துவிட்டு, இவ்வளவு பெரிய இலக்கை விட்டுவிட்டு வேறெங்கே அடிப்பது என்று கேட்பார். அந்த ஒரு பேச்சு ஜெயபாலனுக்குப் புதன்கிழமை வரைக்கும் தாங்கும்.

ஆகவே அவர் சுவரைப் பிடித்தார். விரல்களை நண்டு மாதிரி சுவரில் மேலே நடத்த வேண்டும். மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவில் ஷர்மினி என்கிற பெண் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. இவர் அவசரப்பட்டு எம்பினால் அவள் சொல்வாள்: "அங்கிள், செவுரு எங்கயும் ஓடிப்போகாது. மெதுவா ஏறுங்க." எட்டிய உயரத்தை வீட்டுச் சுவரில் பென்சிலால் குறித்துவைத்தார். மூன்றாம் மாதம் விளக்குச் சுவிட்சு. ஐந்தாம் மாதம் காலண்டர் ஆணி. எட்டாம் மாதம் கதவு நிலையின் மேல்கட்டை. ஒவ்வொரு கோட்டையும் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருக்கும். போட்டோ எடுத்து யோகேஸ்வரிக்கு அனுப்புவார். சாயங்காலம் அங்கிருந்து ஒரு கட்டைவிரல் வரும்.

ஒன்பதாம் மாதம் ஷர்மினி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இனித் தலைக்கு மேல் அடிக்கலாம், சுள்ளென்று வலித்தால் மட்டும் நிறுத்திவிட வேண்டும் என்று அனுமதி கொடுத்தாள்.

முதல் ஞாயிறு ஜெயபாலனும் யுகேந்திரனும் ஜெயித்தார்கள். இரண்டாம் ஞாயிறும் ஜெயித்தார்கள். யுகேந்திரனுக்கு வாயெல்லாம் பல். மூன்றாம் ஞாயிறு ஆட்டத்தின் நடுவில்தான் ஜெயபாலனுக்கு ஒன்று தட்டுப்பட்டது. இந்த மூன்று வாரத்தில் ஒரு பந்துகூட அவர் தலைக்கு மேலே வரவில்லை. எல்லாம் இடுப்புயரத்தில், கைக்கு வாகாக, பேரனுக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வந்து விழுந்தன. நவ்சாத்தும் வாய் திறக்கவில்லை. ஒரு பந்துக்கு, "மெதுவாண்ணே," என்றுகூடச் சொன்னார்.

சோதித்துப் பார்க்க நினைத்தார். வேண்டுமென்றே ஒரு பந்தை வலைக்குப் பக்கத்தில், நவ்சாத்தின் நெற்றிக்கு நேரே தூக்கிக் கொடுத்தார். பிறவியிலிருந்து அப்படியொரு பந்தை நவ்சாத் சும்மா விட்டதில்லை. அன்று அதைத் தொட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஜெயபாலன் ரேக்கட்டைத் தரையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். குணாளன் பின்னாலேயே ஐஸ் பையோடு ஓடிவந்தார்.

"வலிக்குதாடா?"

"எனக்கு இல்ல. பாய்க்குத்தான் கையில ஏதோ கோளாறு. பாவம், ஸ்மாஷே வரமாட்டேங்குது."

குணாளன் ஐஸ் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். பிறகு மெல்லச் சொன்னார். "யோகேஸ்தான் போன் பண்ணுச்சு, பாலா. அவரு தனியா இருக்காரு, மறுபடி கை போச்சுன்னா தூக்கிவிட ஆளில்ல, கொஞ்சம் பாத்து ஆடுங்கண்ணேன்னு அழுவுது. நாங்க என்னா செய்ய?"

ஜெயபாலனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் பாய்வது என்று தெரியாமல் அது அப்படியே நின்றது. காஜாங்கில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் கெஞ்சுவது கண்ணுக்குத் தெரிந்தது. வர முடியாதவள் அங்கிருந்து செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறாள். அதை வேண்டாமென்று சொல்லவும் மனமில்லை, வாங்கிக்கொண்டு ஆடவும் முடியவில்லை.

"வீட்டுல நான் தனிதான், சரி," என்றார். "நீங்க மூணு பேரும் இப்பிடி ஆடுனா கோர்ட்லயும் நான் தனியாத்தான்டா ஆடுறேன். அதுக்கு வீட்டுலயே செவுத்துல அடிச்சிட்டு இருப்பேன்ல."

உள்ளே நின்ற நவ்சாத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "அண்ணே, கை போச்சுன்னா அப்புறம் என்னயக் கேக்கக் கூடாது லா."

"மொதல்ல அடிங்க பாய். பாப்போம்."

ஜெயபாலன் உள்ளே வந்து ரேக்கட்டை எடுத்தார். நவ்சாத் அடித்த அடுத்த பந்து மேலே போனது. கூரைத் தகரம் வரைக்கும் போய், அங்கே ஒரு கணம் யோசித்துவிட்டு, அவருடைய பின்மூலைக்குத் திரும்பியது. ஜெயபாலன் மூன்றடி பின்வாங்கி அதன் அடியில் நின்றார். கை எழுந்தது. நிலைக்கட்டை உயரத்தில் ஒரு நொடி தயங்கி, அதையும் தாண்டி எழுந்தது. பந்து பட்ட சத்தம் கேட்டது. வலையின் மேல்விளிம்பில் மோதி அது இந்தப் பக்கமே விழுந்தது.

தோளில் மந்தமான ஒரு வலி. சுள்ளென்ற வலி இல்லை.

"இன்னொண்ணு," என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் இரக்கம் காட்டவில்லை. அடுத்த ஆட்டம் இருபத்தொன்றுக்கு ஆறு. யுகேந்திரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். நவ்சாத்துக்கு மூன்று வார வாய் ஒரே நாளில் திறந்துகொண்டது. தன் கடையில் தேத்தண்ணி ஆற்றுகிற கிழவருக்கே இதைவிடக் கை மேலே எழும்புகிறது, வந்து பாடம் படிக்கலாம், கட்டணம் வேண்டாம் என்றார். ஜெயபாலன் தரையில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு அவரவர் கிளம்பினார்கள். குணாளனுக்கு மச்சான் வீட்டு விருந்து, நவ்சாத்துக்குக் கடை, யுகேந்திரனுக்கு டியூஷன். ஜெயபாலனுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து தோளில் ஐஸ் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

ஆறரைக்கு யோகேஸ்வரி அழைத்தார். ஆட்டம் எப்படி, மெதுவாகத்தானே ஆடினார்கள் என்று மேம்போக்காகக் கேட்பது போலக் கேட்டார். போன் செய்த விஷயம் தனக்குத் தெரியும் என்று ஜெயபாலன் காட்டிக்கொள்ளவில்லை.

"தோத்துட்டோம். ஆறு பாயிண்ட்."

"கை?"

"இருக்கு. அந்த ஆறு பாயிண்ட் எப்பிடி எடுத்தோம் தெரியுமா? மொதல்ல பாய் ஒண்ணு ஒசரத் தூக்கினாரு..."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பந்து எங்கிருந்து வந்தது, இவர் எங்கே நின்றார், கை எதுவரை போனது. யோகேஸ்வரி உம் கொட்டிக்கொண்டே கேட்டார். நான்காவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கே பேரன் எழுந்து அழுதான். பால் கலக்க வேண்டும், நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று யோகேஸ்வரி போனை வைத்தார்.

மிச்சம் இரண்டு பாயிண்டையும் ஜெயபாலன் தனக்குத்தானே ஒருமுறை ஆடிப் பார்த்துக்கொண்டார்.