ஐசக் வக்கீல் எழுதிய ஏழாவது விதி

ஐசக் வக்கீல் எழுதிய ஒப்பந்தத்தில் எறும்புகூட நுழையாது என்பார்கள். சென்னையில் இரண்டு மூன்று நிதி நிறுவனங்களுக்கு இருபது வருடமாக அவர்தான் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். டிராக்டர் கடன் வாங்கியவன் எந்தப் பக்கம் ஓடினாலும் ஐசக்கின் விதி ஒன்று குறுக்கே நிற்கும். விதிவிலக்கு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. மனிதருக்கு அதில் கர்வமும் உண்டு. இருக்காதா பின்னே? உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் கூலிக்காரர் வீட்டில் பிறந்து, அக்கா சுகிர்தாவும் அவள் புருஷன் ஜான்சனும் செங்கல் சூளையில் வெந்து சம்பாதித்ததில் சட்டம் படித்தவர்.

செங்கல்பட்டில் குடியேறிய பிறகும் ஞாயிறு தவறாமல் காரில் ஊர்க் கோயிலுக்கு ஆராதனைக்கு வந்துவிடுவார். சபைக் கமிட்டியில் அவரைச் செயலாளராக்கினார்கள். அப்போது கல்லறைத் தோட்டத்தில் இடம் சுருங்கிக்கொண்டிருந்தது. எப்போதோ ஊரைவிட்டுப் போனவர்கள் சவப்பெட்டியில் மட்டும் திரும்பி வந்தார்கள். இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று கமிட்டி கேட்க, ஐசக் ஒரே மாலையில் விதிகளை எழுதி முடித்தார். வருடம் முழுக்கத் தொடர்ந்து ஆராதனைக்கு வருகிறவர்களுக்கே தோட்டத்தில் இடம் என்றது ஏழாவது விதி. எல்லோரும் கைதட்டினார்கள்.

பொங்கல் முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு சூளைக்குப் போய், மழைக்குத்தான் ஊர் திரும்பும் குடும்பங்கள் அவர் நினைவுக்கே வரவில்லை. அந்தச் சோற்றைத் தின்று படித்தவருக்கு வரவில்லை. இதை என்னவென்று சொல்வது?

போன வருடம் சூளையிலேயே மாரடைப்பு வந்து ஜான்சன் இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கமிட்டித் தலைவர் மோகன் வாசலில் நின்று மெல்லக் கேட்டார்.

"வக்கீலே, ரூல் இன்னா சொல்லுது?"

மோகன் கேட்டது வழி தேடித்தான். இந்த ஒரு தடவை விட்டுவிடலாம் என்று ஐசக் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார். ஆனால் சொந்த மாமன் என்றதும் வளைத்துவிட்டான் என்று ஊர் பேசுமே என்ற பயம் ஐசக்கைப் பிடித்துக்கொண்டது.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்.

உடலின் தலைமாட்டில் இருந்த சுகிர்தா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டாள். ஜான்சனை ஏரிக்கரைப் பக்கம் பொதுச் சுடுகாட்டின் ஓரத்தில் புதைத்தார்கள்.

அதன்பிறகு ஐசக்குக்குத் தன் கையெழுத்தைப் பார்த்தாலே கசந்தது. அடுத்த பொதுக்கூட்டத்தில் தன் விதிக்கு எதிராகத் தானே ஒரு மணி நேரம் வாதாடினார். ஏழாவது விதி ரத்தானது. கூட்டம் முடிந்த கையோடு அக்கா வீட்டுக்கு ஓடினார். சுகிர்தா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ரூலை எடுத்தாச்சு. அம்மா கல்லறை பக்கத்துல உனக்கு எடம் கீது. நான் பண்ணது பெரிய தப்புக்கா."

"நல்லதுப்பா. சூளைக்குப் போற மத்தவங்களுக்கு ஆவும்."

"மனு போட்டு மாமாவையும் அங்க மாத்திடலாம்."

"வாணாம். ஒரு தபா பொதைச்சவர இன்னொரு தபா பேஜார் பண்ணாத." தோலை ஊதிவிட்டு அடுத்த கடலையை எடுத்தாள். "நான் போயிட்டா என்னையும் ஏரிக்கரையாண்டயே வெச்சிடு. அவரு அங்க தனியா கீறாரு."

"அம்மா பக்கத்து எடம்?"

"அத்த நீ வெச்சிக்க. நீதான் ஒரு வாரம் வுடாம கோயிலுக்கு வர்றியே."

அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே தம்பிக்கு விட்டுக்கொடுத்தாள், அவன் படிப்புக்கு விட்டுக்கொடுத்தது மாதிரியே. அதுதான் ஐசக்கால் தாங்க முடியாமல் போனது.