சாம்பார் ருசி பார்த்த கை

அடி அண்ணாமலையில காசியம்மா இட்லிக் கடையைத் தெரியாதவங்க கம்மி. இட்லி பூ மாதிரி இருக்கும். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. இன்னும் கொஞ்சம் சட்னின்னு கேட்டாப் போதும், "இட்லி தின்ன வந்தியா, சட்னி குடிக்க வந்தியா?"ன்னு ஒரு அதட்டல் போட்டுட்டுத்தான் ஊத்துவாங்க.

2006-ல அந்த வாயே அடைச்சுப் போச்சு. வெளிக்குப் போனா ரத்தம். மூத்த அண்ணன் சடையனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. அவரு பயந்துக்கிட்டு தள்ளித் தள்ளிப் போட்டாரு. குடல்ல புத்துநோய்னு தெரியறதுக்குள்ள ஆளே போயிட்டாரு. அடுத்தது நாமதான்னு காசியம்மா மனசுக்குள்ள முடிவே கட்டிட்டாங்க.

மருமக சரோஜாதான் வேலூருக்கு இழுத்துட்டுப் போனா. டாக்டர் செழியன், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கணும், முந்தின நாள் தண்ணி, இளநீர் தவிர எதுவும் கூடாதுன்னாரு. அந்த முந்தின நாள் பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் அலைமோதுற நாள்! கடையை மூடுறதாவது? பட்டினியோடவே அடுப்பு முன்னாடி நின்னாங்க.

மறுநாள் குழாயை விட்டு, உள்ள இருக்கிறதைக் காட்டுற டிவியைப் பார்த்த டாக்டர் முகம் சுளிச்சாரு. "என்னம்மா, உள்ள மிளகா விதையும் தக்காளி விதையுமா ஒட்டிக்கிட்டிருக்கு?"

"அண்ணாமலையார் மேல சத்தியமா ஒரு பருக்கை வாயில படல சார்!"

"ஐயோ அத்தை, குண்டானுக்குக் குண்டான் உள்ளங்கையில சாம்பார ஊத்தி நக்கிட்டிருந்தீங்களே!" தலையில அடிச்சுக்கிட்டா சரோஜா.

காசியம்மா பொய் சொல்லல. ருசி பார்க்கிறதெல்லாம் அவங்க கணக்குல சாப்பாடே இல்ல.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "கட்டி பெருசா துருத்திக்கிட்டு இருந்தா எப்படியும் தெரிஞ்சிரும்மா. தோலோட தோலா தட்டையா படுத்திருக்கிறதுதான் ஏமாத்தும். குடல் சுத்தமா இருந்தாதான் சாயம் அடிச்சுத் தேட முடியும். அடுத்த வாரம் வாங்க."

பஸ்ல வர்றப்போ காசியம்மா அழுதாங்க. மறுபடியும் அந்தக் குழாயா? வேணாம்னு விட்டுடலாமான்னு கூடத் தோணுச்சு. அண்ணனும் இப்படித்தானே விட்டாருன்னு நினைச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம் பரிசோதனைக்கு முந்தின நாள், சரோஜாவைக் கூப்பிட்டு வலது உள்ளங்கையில துணியைச் சுத்தி இறுக்கி முடிச்சுப் போடச் சொன்னாங்க. "நானே கேட்டாலும் அவுக்காதடி!"

இந்தத் தடவை குடல் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. சாதா வெளிச்சத்துல எங்கயும் ஒண்ணுமில்ல. டாக்டர் குழாய் வழியா நீலச் சாயத்தைத் தெளிச்சாரு. மடிப்பு, வரியிலெல்லாம் நீலம் இறங்கிச்சு. ஒரு இடத்துல மட்டும் வரி கலைஞ்சு, தோசைக்கல்லுல ஒட்டின மாவு மாதிரி மெல்லிசா ஒரு திட்டு! காசியம்மாவும் டிவியில பார்த்தாங்க.

"ஆழமா போன மாதிரி தெரியல, இப்பவே எடுத்துரலாம்"னாரு டாக்டர். திட்டுக்கு அடியில ஊசியால மருந்து ஏத்தி, அதை மேல உப்பிக்க வெச்சு, கம்பி வளையத்தால அறுத்தெடுத்தாரு.

ரிசல்ட் வந்தது. புத்துநோய் இல்ல, விட்டிருந்தா ஆகியிருக்கும். ரத்தம் வந்தது வெறும் மூலத்தாலயாம்.

"அப்போ அந்த மூலத்துக்குத்தான் நான் மொட்டை போடணும்"னு சொல்லிச் சிரிச்சவங்க, சிரிச்சபடியே அழுதுட்டாங்க.

கூடப் பிறந்தவங்களும் பார்த்துக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. தம்பி ராஜேந்திரன் பிடி குடுக்கல. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையேக்கா, அப்புறம் பார்க்கலாம்." அடுத்த பௌர்ணமிக்குக் காசியம்மா கடைக்குப் பூட்டுப் போட்டாங்க. நேரா தம்பி வீட்டுக்குப் போய், அதே துணியை அவன் கையில சுத்தினாங்க.

"நாளைக்கு வேலூரு. அதுவரைக்கும் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்டா. பெரியண்ணன் பக்கத்துல இப்படி உக்கார அப்போ எனக்குத் தெரியல."

ராஜேந்திரன் கையை இழுத்துக்கல.