கரைக்கு வந்த வண்டி

சாமியார்பேட்டைக்குத் தெற்கே, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வீடுகளே உள்ள மீனவர் குப்பம். கதவைத் திறந்தால் கடல் தெரிய வேண்டுமென்று, வாடகைக் கேரவனை அலையோரம் வரை ஓட்டிவந்து நிறுத்தியிருக்கிறேன். இப்போது கடலே கதவுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு அலைக்கும் பின்சக்கரங்கள் மணலில் இன்னும் கொஞ்சம் இறங்குகின்றன.

பக்கத்தில் கரைவலை இழுத்து முடித்தவர்கள் அதே கயிற்றை வண்டியில் கட்டி இழுக்கிறார்கள். நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என் பங்குக்குப் பல்லைக் கடிக்கிறேன். வண்டி மேட்டில் ஏறிவிடுகிறது.

கயிற்றை அவிழ்க்க இறங்கினால், மீன் ஏலம் விடும் அஞ்சலை அக்கா தடுக்கிறார்.

"இருங்க சார். இந்தக் கயித்துல எது கரைக்கு வந்தாலும் ஏலம் வுட்டுட்டுதான் எடுக்கணும்."

"அக்கா, இது வாடகை வண்டி."

"அதெல்லாம் கடல் கிட்ட சொல்லுங்க." கூட்டத்தின் பக்கம் திரும்புகிறார். "ஒரு வண்டி, கூடவே ஒரு ஆளு. யாரு கேக்குறீங்க?"

கூடையோடு நிற்கும் பெண் என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"வண்டி மட்டும்னா கேக்குறேன்க்கா. இவர ஐஸ்ல வச்சாலும் தாங்க மாட்டாரு."

இரண்டையும் சேர்த்துக் கேட்க ஆளில்லை. அக்கா கயிற்றை அவிழ்த்து விடுகிறார்.

"ஏலம் போவாத சரக்கு. நீங்களே எடுத்துக்கினு போங்க சார்."