துரையின் வயிறு

துரை முதலில் மறுத்தது வெட்டுக்கிளியை. பச்சை வெட்டுக்கிளியைக் கண்டால் சுவரின் மறுகோடியிலிருந்து ஓடிவருகிற ஓணான், அன்று மூக்குக்கு முன்னால் நீட்டியும் கண்ணை மூடிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. பிறகு ஜன்னல் விளிம்பில் ஏறுவதையும் விட்டுவிட்டுத் தரையில் கிடந்தது. உடம்பு வற்றிக்கொண்டே வந்தது. வயிறு மட்டும் இருபுறமும் உப்பியிருந்தது.

ஓணான் வளர்த்தவள் என்றதும் சிரிப்பு வருகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஊரார் ஓர் உயிராகவே மதிக்காத ஒன்றின் நோயைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் போவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. மோகனூருக்குப் பக்கத்தில் கரும்பும் வாழையும் வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. துரை வருவதற்குச் சற்று முன்புதான், ரத்தப்போக்கு நிற்காமல், சேலத்தில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். தாழ்வாரத்தில் என் கணவரையும் மாமியாரையும் நிறுத்தி டாக்டர் பேசினார். கட்டிலில் கிடந்த என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மயக்கம் தெளிந்த பிறகுதான், என் வயிற்றில் எது இனி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. எடுக்க வேண்டியிருந்திருக்கலாம். ஆனால் அது என் வயிறு.

வீடு திரும்பிப் படுத்திருந்த நாட்களில் ஜன்னலுக்கு வெளியே இருந்த செம்பருத்தி வேலியிலிருந்து ஓர் ஓணான் உள்ளே வந்தது. தலையை நிமிர்த்திக்கொண்டு, தொப்பி மட்டும் இல்லாத வெள்ளைக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கும். துரை என்று பெயர் வைத்தேன். கூண்டு கிடையாது. இஷ்டப்பட்டபோது வேலிக்குப் போகும், பசித்தால் வரும். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய பின்பும் அது வருவதை நிறுத்தவில்லை. தோளில் ஏறி உட்காரும் அளவுக்குப் பழகிவிட்டது.

"வேலியில போற ஓணான எடுத்து மடியில உட்டாளாமா. அப்பறம் குத்துது, கொடையுதுன்னு அழுதுட்டு வராத" என்றார் என் மாமியார்.

அது ஒரு நாளும் என்னைக் குத்தியதில்லை.

இப்போது அது கண் திறக்காமல் கிடந்தபோது என் கணவர் குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். அதிர்ந்து பேசமாட்டார்.

"காட்டுச் சீவன் அம்மணி. சாகற நேரம் வந்தாச் சாவும். உடு."

"நேரம் வந்துருச்சுன்னு யாருங்க சொன்னாங்க? பாக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும், கேட்டுக்கறேன்."

மறுநாள் காலை துரையை ஈரத்துணியோடு ஒரு மூங்கில் கூடையில் வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன்.

கால்நடை மருத்துவமனைத் திண்ணையோரம் எருமைகளும் ஆடுகளும், கூடைகளில் கோழிகளும் காத்திருந்தன. என் கூடைக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, நாளைக்குப் பல்லியும் கொண்டாருவீங்களா?"

"பல்லிக்கு நோவு வந்தாக் கொண்டாருவேனுங்க."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நான் வரிசையை விட்டு நகரவில்லை.

உள்ளே இருந்தவர் இளம் டாக்டர். கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கெல்லாம் நாங்க படிக்கலைங்க" என்றார்.

"ஆட்டுக்கும் கோழிக்கும் படிச்சிருக்கறீங்கல்ல? அதுல இருந்து ஆரம்பிங்க."

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து துரையின் வயிற்றை விரல் நுனியால் மெல்லத் தடவினார். முகம் மாறியது.

"உள்ள கட்டிங்க இருக்கற மாதிரி தெரியுது. ஒண்ணு ரெண்டு இல்ல, நெறைய. அறுத்தாத் தாங்குமான்னு தெரியல." எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊட்டுக்காரர் வந்திருக்காருங்களா?" என்றார்.

என் குரல் உயர்ந்துவிட்டது. "எதுவா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க. பாத்துக்கறது நானு. அறுக்கறதுன்னாலும் சாவும்னாலும் எங்கிட்டத்தான் சொல்லோணும்."

அவரே கூடையைத் தூக்கிக்கொண்டார். பிறகு, "வாங்க, ஒரு படம் எடுத்துப் பாக்கலாம்" என்றார்.

நாய்களுக்கு எடுக்கும் எக்ஸ்ரே (உடம்பின் உள்ளே இருப்பதைக் காட்டும் கதிர்ப்படம்) கருவியின் அடியில் துரையைக் கிடத்தினோம். துணியால் நான்தான் பிடித்துக்கொண்டேன். படம் வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முதுகெலும்பின் இருபுறமும் மல்லிகை மொட்டுகளை நெருக்கி வைத்ததுபோல வரிசையாகத் தெரிந்தது.

"கட்டி இல்லைங்க. முட்டை" என்றார். அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன். "உங்க துரை பொட்டைங்க. பேர மாத்தோணும்."

"பேரு கெடக்கட்டுங்க. பொழைக்குமா?"

முட்டைத் தேக்கம் (முட்டை வெளிவராமல் உள்ளேயே நின்றுவிடுவது) என்று விளக்கினார். கோழியில் பார்த்திருக்கிறார், ஓணானில் இல்லை. இளகிய மண்ணைத் தோண்டித்தான் ஓணான் முட்டையிடும். அந்த வருஷம் மழை இல்லை. வேலியோர மண் கல்லாக இறுகிக் கிடந்தது. வாசலுக்கோ நாங்கள் புதிதாக சிமென்ட் போட்டிருந்தோம். இடம் கிடைக்காமல் அடக்கிக்கொண்டிருக்கலாம், அல்லது தள்ளுவதற்குச் சத்து இல்லாமல் இருக்கலாம் என்றார். எது என்று தெரியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வாயில் சொட்டுச்சொட்டாகக் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) மருந்து. வெதுவெதுப்பான நீரில் வயிறு நனைய வைப்பது. ஈர மண். அதிலும் வராவிட்டால் ஊசி. அதற்கும் மசியாவிட்டால் கத்தி.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் மண் வேண்டும் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே ஆற்றிலிருந்து ஒரு சாக்கு மணலைத் தோளில் சுமந்து வந்து, தோட்டத்து மண்ணோடு கலந்து பழைய தொட்டியில் நிரப்பினார். நனைத்துவிட்டு, உள்ளங்கையால் அழுத்தியும் பார்த்தார்.

துரை தோண்டியது. கொஞ்சம் தோண்டும், நிற்கும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும். முட்டை வரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு மறுபடி கூடையைத் தூக்கினேன். இந்தத் தடவை என் கணவரும் கூட வந்தார்.

ஆக்சிடோசின் (கருப்பையைச் சுருங்கச் செய்து உள்ளிருப்பதைத் தள்ளவைக்கும் மருந்து). மாட்டுக்குப் போடுவது. ஒரு துளி மருந்தைப் பல மடங்கு நீர்த்தார் டாக்டர். "இதுக்கு எவ்வளவு அளவுன்னு எந்தப் புத்தகத்துலயும் எங்கிட்ட இல்லைங்க. சாகவும் செய்யலாம். போடட்டுங்களா?"

கேட்டது என்னைப் பார்த்து. என் கணவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"போடுங்க" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை கனம் என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வீடு வந்து தொட்டியில் விட்டோம். வெயில் சாய்வதற்குள் முதல் முட்டை வந்தது. வெள்ளையாக, நீளவாக்கில், என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக. பிறகு ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முறையும் அதன் விலா இறுகித் தளர்ந்தபோது என் அடிவயிறும் இறுகித் தளர்ந்தது. இல்லாத உறுப்பு எப்படி இறுகும் என்று கேட்காதீர்கள். இறுகியது.

மாமியார் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "பொட்டப்புள்ளையா அது?" என்றார். உள்ளே போனவர் கொஞ்ச நேரத்தில் ஒரு சொம்பில் வெந்நீர் கொண்டுவந்து தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். "அது ஒடம்புல ஊத்து. சூடு பாத்து ஊத்து."

எல்லா முட்டையும் வந்துவிடவில்லை. மறுநாள் மறுபடி நாமக்கல் கொண்டுபோனோம்; உள்ளே மஞ்சள் பாய்ந்து நின்ற இரண்டை டாக்டர் எண்ணெய் விட்டு நீவி எடுத்தார். கத்தி தேவைப்படவில்லை. முட்டைகளில் ஒன்றும் பொரிக்கவில்லை. அதற்காக ஒரு பகல் முழுக்க அழுதேன். அழுகைக்கும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

துரை பிழைத்தது. பின்னங்கால்களில் பழைய வேகம் இல்லை. வேலி உச்சிக்குப் போவதை விட்டுவிட்டது. ஆனால் வெட்டுக்கிளி தின்றது. மேலும் இரண்டு கோடைகளைப் பார்த்தது.

உங்கள் கையில் இருப்பது ஆமையோ, கிளியோ, பெயர்கூடத் தெரியாத ஒன்றோ, கொண்டுபோங்கள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தெரியாது என்று சொல்லும் டாக்டரிடம், தெரிந்ததிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எப்போதும் பிழைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கேட்காமலே சாகவிட வேண்டியதில்லை என்று மட்டும் சொல்வேன்.

அந்த நோய்க்குப் பிறகு துரைக்குக் காலை வெயில் நிறைய வேண்டியிருந்தது. கிழக்குச் சுவரோரம் அதை விட்டுவிட்டு, பூனை வராமல் காவலாக நானும் உட்காருவேன். வெயில் முதுகில் படும்வரை அது அசையாது. எந்த அவசரமும் அதை அசைக்காது. வெயில் ஏறியதும் நிறம் மாறும், கண் திறக்கும், அதன் நாள் தொடங்கும். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடிய உடம்பு என்னுடையது. அதற்கும் ஒரு சூடு தேவை என்பதையும், அது ஏறும்வரை நேரம் காத்திருக்கும் என்பதையும் அந்தச் சுவரோரத்தில்தான் கண்டுகொண்டேன்.

துரை போன பிறகும் நான் அங்கே உட்காருவதை விடவில்லை. "அடுப்புப் பத்த வெக்கலியா?" என்று உள்ளிருந்து மாமியாரின் குரல் வரும்.

"ஒடம்பு இன்னும் சூடேறலைங்க அத்தை" என்பேன். "ஏறுனதும் வாரேன்."