‘கோ’ வைத்துப் பத்து வாக்கியம்

திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில், வெளிமாநில ஆர்டர்களைப் போனில் ஆங்கிலத்தில் பேச இரண்டு பெண்கள் வேண்டும் என்றார்கள். எனக்கு வீட்டில் சும்மா இருந்து அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கோ அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். அவள் வீட்டுக்காரர் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிக்கொண்டிருந்தார். இவள் வேலைக்குப் போனால் அவரை அதிலிருந்து நிறுத்திவிடலாம். இருவருமாகப் போனில் நடக்கும் ஆங்கில வகுப்பில் சேர்ந்தோம்.

அந்த வாரப் பாடம் ‘கோ’. கோ அவுட், கோ இன், கோ ஆன், கோ அவே என்று உயிரை வாங்கியது. ஒரே ஆளை வைத்து, எல்லாம் நடந்து முடிந்ததாகப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னார் மிஸ்.

“உங்க வீட்டுக்காரரையே வச்சு எழுதுங்கக்கா” என்றேன்.

அக்கா பேனாவை மூடிவிட்டாள். “அவுகளப் போனாகன்னு எப்படி எழுத?”

மருந்து ரூம் ஆட்களின் வீட்டில் ‘போ’ என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார்கள். காலையில் அவர் “வாரேன்” என்பார், இவள் “வாங்க” என்பாள். அவ்வளவுதான்.

எனக்குக் கிண்டல் நாக்கு. “காத்துக்கருப்புக்கு இங்கிலீசு தெரியாதுக்கா” என்றேன். சிரித்துவிட்டாள். எழுதி, பத்தையும் சத்தமாக வாசித்தாள். ஹி வென்ட் அவுட். ஹி வென்ட் இன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. அது அவள் குரல் மாதிரியே இல்லை.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். முதலில் தரை அதிர்ந்தது, பிறகுதான் சத்தம். தெருவே வெளியே வந்து, புகை எந்தப் பக்கம் என்று பார்த்தது. விஸ்வநத்தம் பக்கம்.

கம்பெனிக்குள் போன் கூடாது. கேட்டில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அக்கா அவர் போனுக்குத் திரும்பத் திரும்ப அடித்தாள். கடைசியில் வாட்ச்மேன் எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் விதவிதமான பாட்டுகள் ஒரே நேரத்தில் ஒலித்தன.

“பெட்டி நெறைய அடிக்கிதும்மா. எடுக்கத்தான் ஆரும் வரல.”

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வரிகளுக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயமாக இருந்தது. ‘நீதானே எழுதச் சொன்ன’ என்று அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏ புள்ள, ‘கம்’ வச்சு எப்ப நடத்துவாக?”

“நடத்துவாகக்கா” என்றேன். அந்தப் பாடம், அவள் வகுப்புக்கு வராத முந்தின வாரமே முடிந்திருந்தது.