பியானோவில் இல்லாத பிசிறு

கோடை வந்தால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் வெடிக்கும்; வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விடும். அதனால் நான் வாசிக்கும் சர்ச் பியானோவின் மேல்ஸ்தாயி பிசிறடித்தபோது நான் வெயிலைத்தான் குற்றம் சொன்னேன்.

பாடகர் குழுவில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நல்லாத்தானக்கா இருக்கு" என்றாள் ஸ்டெல்லா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, ஒங்களுக்கெல்லாம் காது கேக்குதா இல்லையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் அவள் வீட்டிலிருந்து கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இது கரண்டுல ஓடுது. வெயிலு இத ஒண்ணும் செய்யாது. ரெண்டையும் வாசிச்சுப் பாருங்கக்கா."

கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினேன். அதே பிசிறு. இடது காதைப் பொத்திக்கொண்டு அழுத்தினேன், சுத்தமாகக் கேட்டது. வலது காதைப் பொத்தினேன். அதே கட்டை வேறொரு ஸ்வரமாகக் கேட்டது.

"பியானோ பாக்க ஆள் வரச் சொல்லவாக்கா?" என்றாள் ஸ்டெல்லா, மெதுவாக.

"வேண்டாம்" என்றேன்.

காது டாக்டர் மாத்திரை கொடுத்தார். சரியாகிவிடும் என்று சொல்லவில்லை.

இப்போதும் ஞாயிறு ஆராதனைக்கு நான்தான் வாசிக்கிறேன். விரலுக்கு இடம் தெரியும். பாட்டோடு சுருதி சேர்ந்ததா என்பதை மட்டும் ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.